ட்ரோக்பா மண்டியிட்டதும் போர் நின்றதா?

ஐவரி கோஸ்ட் கால்பந்து வீரர் டிடியே ட்ரோக்பா கேமரா முன்னால் மண்டியிட்டுப் பேசினார், மறுநாளே அந்த நாட்டு உள்நாட்டுப் போர் நின்றுவிட்டது என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் வருகிறதே, நிஜமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ஆட்டக்காரராக அவர் அவ்வளவு பெரிய ஆளா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பேசியது நிஜம். மண்டியிட்டதும் நிஜம். மறுநாள் போர் நின்றது என்பதை மட்டும் யாரோ கைச்சரக்காகச் சேர்த்துவிட்டார்கள். உண்மையில் நடந்தது அந்த வீடியோவைவிடச் சுவையானது. அதைச் சொல்ல அவர் எங்கிருந்து வந்தார் என்று ஆரம்பிக்க வேண்டும். உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அதிலேயே பதில் வந்துவிடும்.

ட்ரோக்பா 1978-ல் ஐவரி கோஸ்டின் பெரிய நகரமான அபிஜானில் பிறந்தவர். யுகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ மேல் அம்மாவுக்குப் பெரிய மரியாதை. அதனால் வீட்டில் பையனுக்கும் டிட்டோ என்றே செல்லப்பெயர். 5 வயதில் அவரைத் தனியாக விமானம் ஏற்றி பிரான்ஸுக்கு அனுப்பினார்கள். அங்கே நெருங்கிய உறவினர் மிஷேல் கோபா தொழில்முறைக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார். கோபா கிளப் மாறும்போதெல்லாம் பையனுக்கு ஊரும் பள்ளியும் மாறும். வீட்டு ஏக்கம் தாங்காமல் மூன்று வருஷத்தில் அபிஜானுக்குத் திரும்பினார். கொஞ்ச காலத்தில் அப்பா அம்மாவின் வேலை போனது, மறுபடியும் பிரான்ஸ். பிறகு பெற்றோரும் அங்கேயே வந்துசேர, பாரிஸ் புறநகரான அந்தோனியில் குடும்பம் ஒன்றாகியது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தத் தலைமுறை ஐவரி கோஸ்ட் வீரர்கள் பலர் அபிஜானில் ஆசெக் மிமோசாஸ் கிளப்பின் அகாடமியில் வளர்ந்தவர்கள். கோலோ துரே, யாயா துரே, சாலமன் கலூ, எபூவே, ஜெர்வின்யோ எல்லாரும் அந்த ஒரே பட்டறையில் தயாரானவர்கள். சின்ன வயதிலிருந்து ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள். ட்ரோக்பாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் வெளியூர்க்காரராக வளர்ந்து, வெளியூர்க்காரராகவே தேசிய அணிக்குள் வந்தவர்.

அப்புறம், ரொம்பத் தாமதமாகப் பூத்தவர். 1998-ல் தியரி ஆன்ரி பிரான்ஸுக்காக உலகக் கோப்பையையே தூக்கிவிட்டார். அவரைவிடச் சில மாதங்களே இளையவரான ட்ரோக்பா அப்போது லெ மான் என்ற இரண்டாம் டிவிஷன் கிளப்பில் முழு ஒப்பந்தம்கூட இல்லாமல், பக்கத்தில் அக்கவுன்டிங் படித்துக்கொண்டிருந்தார். முதல் தொழில்முறை ஒப்பந்தம் கிடைத்தபோது வயது 21. அதிலும் அடுத்தடுத்துக் காயம். பாதம், கணுக்கால் என்று எலும்பு முறிவுகள். தினமும் பயிற்சி எடுத்து வாரக் கடைசியில் மேட்சும் ஆடும் அளவுக்கு உடம்பு தேறவே சில வருஷங்கள் ஆயின. 20 வயதுக்குள் ஜெயிக்காதவன் இனி அவ்வளவுதான் என்று கால்பந்து உலகம் நினைக்கும். அந்தக் கணக்குப்படி ட்ரோக்பாவின் கதை தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

2002 ஜனவரியில் கங்காம்ப் என்ற சிறிய முதல் டிவிஷன் கிளப் அவரை 80 ஆயிரம் பவுண்டுக்கு வாங்கியது. அடுத்த முழு சீசனில் லீகில் மட்டும் 17 கோல். உடனே மார்சேய் என்ற பெரிய பிரெஞ்சு கிளப் கூப்பிட்டது. அங்கே ஒரே ஒரு வருஷம்தான். லிவர்பூலையும் நியூகாசிலையும் தாண்டி மார்சேய் ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஇஎஃப்ஏ கோப்பை இறுதிப் போட்டிவரை போனதற்கு அவர் கோல்கள் பெரிய காரணம். இறுதியில் வலென்சியாவிடம் தோற்றார்கள். அதே சீசனில் ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீகில் போர்ட்டோவுக்கு எதிராகவும் அவர் ஒரு கோல் போட்டிருந்தார். அன்றைக்கு எதிர்முகாமில் நின்ற பயிற்சியாளர் ஜோசே மொரின்யோ. உங்களை வாங்க எங்களிடம் பணமில்லை, ஐவரி கோஸ்டில் உங்களைப் போலவே ஒரு ஒன்றுவிட்ட சகோதரர் இருந்தால் சொல்லுங்கள் என்று அவர் கேட்டதாக இருவருமே சொல்லியிருக்கிறார்கள். 2004-ல் மொரின்யோ லண்டனின் செல்சி கிளப்புக்குப் போனதும் ட்ரோக்பாவையே வாங்கிவிட்டார். விலை 2.4 கோடி பவுண்டு. இரண்டரை வருஷத்தில் 300 மடங்கு!

செல்சியில் முதல் இரண்டு சீசனும் லீக் பட்டம். அவற்றில் முதலாவது அந்தக் கிளப் 50 வருஷமாகக் காத்திருந்த பட்டம். ஆனாலும் அப்போது ட்ரோக்பாவை எல்லாரும் விரும்பினார்கள் என்று சொல்ல முடியாது. லேசாகத் தொட்டாலே விழுந்துவிடுவார் என்று பெயர். சொந்த ரசிகர்களிலேயே சிலர் முணுமுணுத்தார்கள். நானும் அந்தக் கட்சிதான். 2006-07 சீசன் அந்தப் பேச்சை அடக்கியது. லீகில் 20 கோல் போட்டு அதிக கோலுக்கான விருது, இரண்டு கோப்பைகளின் இறுதிப் போட்டியிலும் வெற்றி கோல். 2009-10 சீசனில் லீகில் 29 கோல், கூடவே லீக் பட்டமும் இங்கிலாந்தின் பழம்பெரும் எஃப்ஏ கோப்பையும்.

அவர் ஆட்டத்தின் அழகு கோல் எண்ணிக்கையில் இல்லை. பின்களத்திலிருந்து நெட்டுக்குத்தாக ஒரு நீண்ட பந்து வரும். முதுகில் ஒரு டிஃபென்டர் ஒட்டிக்கொண்டிருப்பார். ட்ரோக்பா இடுப்பைக் கொஞ்சம் தாழ்த்தி அவரைச் சுவர் மாதிரித் தடுத்து, பந்தை நெஞ்சில் வாங்கிக் காலடியில் இறக்குவார். இறங்கிய பந்து அங்கேயே நிற்கும். சக வீரர் லாம்பார்டு ஓடிவர நேரம் கிடைக்கும், அல்லது அவரே திரும்பி அடித்துவிடுவார். இதைச் சமாளிக்கத் தெரியாமல் அதிகம் தவித்தது ஆர்சனல்தான். அபிஜானில் ஒரு லிட்டர் பீர் பாட்டிலுக்கு மக்கள் 'ட்ரோக்பா' என்றே பெயர் வைத்தார்கள். பெரிதாக, கனமாக இருக்கிறதாம்.

செல்சிக்காக மொத்தம் 381 ஆட்டம், 164 கோல். நான்கு வெவ்வேறு எஃப்ஏ கோப்பை இறுதிப் போட்டிகளில் கோல் போட்ட முதல் ஆள் அவர். சீசன் முழுக்கக் கோலாகக் குவித்தவர்கள் வேறு பலர் உண்டு. இறுதிப் போட்டி என்றால் அவரை நம்பலாம் என்பதுதான் அவருடைய தனிப்பெருமை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி ஐவரி கோஸ்டுக்குப் போவோம்.

உலகத்திலேயே அதிகம் கொக்கோ விளைவிக்கும் நாடு அது. தோட்டங்களில் வேலைக்கு வடக்கிலிருந்தும், எல்லை தாண்டி புர்கினா ஃபாசோ, மாலியிலிருந்தும் லட்சக்கணக்கில் ஆட்கள் வந்து குடியேறினார்கள். உஃபுவே புவானி என்ற முதல் அதிபர் 33 வருஷம் எல்லாரையும் ஒன்றாகக் கட்டிவைத்திருந்தார். 1993-ல் அவர் இறந்தார். கொக்கோ விலை ஏற்கனவே சரிந்திருந்தது. அசல் ஐவரிக்காரன் யார் என்ற கேள்வியை அரசியல்வாதிகள் கிளப்பினார்கள். முஸ்லிம்கள் அதிகமுள்ள வடக்கில் குடியுரிமை ஆவணத்துக்கே ஆட்கள் அலைய வேண்டியிருந்தது. வடக்கின் தலைவரான வத்தாராவைத் தேர்தலில் நிற்கவே விடவில்லை. 1999-ல் ராணுவப் புரட்சி. கால்பந்தும் தப்பவில்லை. 2000 ஆப்பிரிக்கக் கோப்பையில் முதல் சுற்றிலேயே தோற்று வந்த தேசிய அணியை, ராணுவ ஆட்சியாளர் கெய் ஒரு ராணுவ முகாமில் சில நாள் அடைத்துவைத்து 'ஒழுக்கம்' கற்பித்தார்.

ட்ரோக்பா தேசிய அணிக்காக முதல்முறை ஆடியது 2002 செப்டம்பர் 8. பதினோரு நாள் கழித்து, செப்டம்பர் 19 அன்று, உள்நாட்டுப் போர் வெடித்தது. கிளர்ச்சியாளர்கள் வடபாதியைப் பிடித்தார்கள். அவர்களுடைய தலைநகர் புவாக்கே. தெற்கு அதிபர் பாக்போவின் கையில். நடுவில் பிரெஞ்சுப் படையும் ஐ.நா. படையும். ட்ரோக்பா பிறப்பால் பேத்தே இனத்தவர், பாக்போவும் அதே இனம். கோலோ துரேயும் யாயா துரேயும் பிறந்தது கிளர்ச்சியாளர் நகரமான புவாக்கேயில். நாடு எந்தக் கோட்டில் பிளந்ததோ, அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் ஒரே டிரெஸ்ஸிங் ரூமில் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தது.

வீடியோவில் இருப்பது 2005 அக்டோபர் 8. ஐவரி கோஸ்ட் அதுவரை உலகக் கோப்பைக்கே போனதில்லை. ஒரு மாதம் முன்புதான் சொந்த மண்ணில் கேமரூனிடம் 3-2 என்று தோற்று, வாய்ப்பைக் கையைவிட்டுவிட்டார்கள். அந்த இரண்டு கோலும் ட்ரோக்பா போட்டவை. கடைசி நாளில் சூடானின் ஓம்டுர்மானில் இவர்கள் ஜெயிக்க வேண்டும், அதே நேரத்தில் கேமரூன் தலைநகர் யவுண்டேயில் கேமரூன் எகிப்தை ஜெயிக்காமல் இருக்க வேண்டும். இவர்கள் 3-1 என்று ஜெயித்தார்கள். யவுண்டேயில் 1-1. காயம், நிறுத்தத்துக்கான கூடுதல் நேரமும் முடியப்போகையில் கேமரூனுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பியேர் வோமே அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. ஒரே புள்ளி வித்தியாசத்தில் ஐவரி கோஸ்ட் உலகக் கோப்பைக்குள்.

வேடிக்கை என்னவென்றால், ஓம்டுர்மானில் ட்ரோக்பா கோலே போடவில்லை. கேப்டனும் அவர் இல்லை, சிரில் தோமோரோ. ஆனாலும் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் கேமரா வந்தபோது மைக் ட்ரோக்பா கையில்தான் இருந்தது. சுற்றிலும் வியர்வை காயாத வீரர்கள், தோளில் தோள் போட்டபடி. வடக்கு, தெற்கு, நடுப்பகுதி, மேற்கு என்று எல்லாத் திசை மக்களையும் பெயர் சொல்லி அழைத்தார். நாங்கள் எல்லாரும் ஒன்றாக ஆட முடியும் என்று காட்டிவிட்டோம் என்றார். பிறகு எல்லாரும் மண்டியிட்டார்கள். ஆயுதத்தைக் கீழே போடுங்கள், தேர்தல் நடத்துங்கள் என்று கெஞ்சினார். ஒரு நிமிஷம்கூட நீளாத பேச்சு. கடைசியில் எல்லாரும் எழுந்து குதித்துப் பாடுகிறார்கள்.

சரி, போர் நின்றதா? உண்மையில் நிறுத்துவதற்கு அன்றைக்குப் பெரிய சண்டையே நடந்துகொண்டிருக்கவில்லை. 2003-லேயே போர் நிறுத்தம் கையெழுத்தாகிவிட்டது. 2004 நவம்பரில் ஒருமுறை பயங்கரமாக உடைந்து, அரசு விமானங்கள் புவாக்கேயில் குண்டு போட்டன, 9 பிரெஞ்சு வீரர்கள் இறந்தார்கள். அதன் பிறகு நாடு இரண்டு துண்டாக, உறைந்துபோய்க் கிடந்தது. அவர் கேட்ட தேர்தலும் அந்த மாதமே நடந்திருக்க வேண்டியது. தள்ளிப்போய்த் தள்ளிப்போய் 2010-ல்தான் நடந்தது. அரசும் கிளர்ச்சியாளர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து உடன்பாடு செய்தது 2007 மார்ச்சில், புர்கினா ஃபாசோவின் வாகடூகுவில். பேச்சுக்கும் உடன்பாட்டுக்கும் நடுவே பதினேழு மாதம் இருக்கிறது.

அப்படியானால் பேச்சு வீணா? அப்படியும் சொல்ல மாட்டேன். அந்தக் காட்சியை உள்ளூர் டிவியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். எல்லாத் தரப்பும் விரோதியாகப் பார்க்காத குரல்கள் அந்த நாட்டில் அப்போது ரொம்பக் குறைவு. அரசியல்வாதிகளுக்கு வெட்கம் வரும்படி அது ஒலித்தது. ஆனால் என்னைக் கேட்டால், மண்டியிட்டதைவிடப் பெரிய காரியத்தை அவர் ஒன்றரை வருஷம் கழித்துத்தான் செய்தார். அது வாட்ஸ்அப்பில் வருவதில்லை.

ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருது 2006-க்காக அவருக்குக் கிடைத்தது. உடன்பாடு கையெழுத்தான அதே மார்ச் மாதம் அந்த விருதை எடுத்துக்கொண்டு கிளர்ச்சியாளர் நகரமான புவாக்கேக்கே போய் மக்களிடம் காட்டினார். அங்கே வைத்து ஒரு அறிவிப்பும் செய்தார்: மடகாஸ்கருக்கு எதிரான ஆப்பிரிக்கக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம் அபிஜானில் இல்லை, இங்கேதான்.

2007 ஜூன் 3. அரசுத் தரப்பு ஆட்களும் கிளர்ச்சிப் படைத் தளபதிகளும் ஒரே மைதானத்தில், ஒரே தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள். ஐந்து வருஷத்துக்கு முன் இவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தவர்கள். ஐவரி கோஸ்ட் 5-0 என்று ஜெயித்தது. ஐந்தாவது கோல் ட்ரோக்பாவுடையது. கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. ஊர் எவ்வளவு பாதுகாப்பாக இருந்தது என்று தெரிய வேண்டுமா? அதே மாதக் கடைசியில் புவாக்கே விமான நிலையத்தில் உடன்பாட்டுக்குப் பிறகு பிரதமராகியிருந்த கிளர்ச்சித் தலைவர் சோரோவின் விமானத்தின் மேல் ராக்கெட் விட்டார்கள். அதிபர் பாக்போ போர் தொடங்கிய பிறகு முதல்முறையாக அங்கே கால் வைத்தது ஜூலை 30 அன்று. அதாவது நாட்டின் அதிபருக்குக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் முன்பே கால்பந்து அணி போய்விட்டது.

இத்தோடு கதையை முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 2010 தேர்தலில் வத்தாரா ஜெயிக்க, பாக்போ நாற்காலியை விட மறுத்தார். இரண்டாவது போர் வந்தது. சுமார் 3,000 பேர் செத்தார்கள். முதல் போரைவிட இது குறுகிய காலம், ஆனால் அபிஜான் தெருக்களிலேயே நடந்த கொலைகள். 2011-ல் அமைத்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தில் ட்ரோக்பாவையும் உறுப்பினராகப் போட்டார்கள். அந்த ஆணையம் பெரிதாக எதையும் சாதித்ததாகச் சொல்ல முடியாது. வாட்ஸ்அப் வீடியோ 2005-லேயே நின்றுகொள்வதற்குக் காரணம் உங்களுக்கே புரியும்.

தேசிய அணியில் அவர் ஆட்டம் எப்படி? 105 ஆட்டங்களில் 65 கோல், நாட்டின் சாதனை. மூன்று உலகக் கோப்பை ஆடினார், மூன்றிலும் முதல் சுற்றோடு சரி. 2006-ல் அர்ஜென்டினா, நெதர்லாந்து இருந்த பிரிவு. நாட்டின் முதல் உலகக் கோப்பை கோலை அர்ஜென்டினாவுக்கு எதிராக அவர்தான் போட்டார். 2010-ல் போட்டி தொடங்கச் சில நாள் இருக்கையில் ஜப்பானுக்கு எதிரான பயிற்சி ஆட்டத்தில் கை முறிந்தது. கையில் கட்டோடு ஆடி பிரேசிலுக்கு எதிராக கோல் போட்டார்; உலகக் கோப்பையில் பிரேசில் வலையில் பந்தைப் போட்ட முதல் ஆப்பிரிக்கர். 2014-ல் கிரீஸுக்கு எதிராகக் கடைசி நிமிஷப் பெனால்டியில் எல்லாம் போனது.

ஆப்பிரிக்கக் கோப்பைதான் பெரிய ஆறாத புண். 2006 கெய்ரோ இறுதிப் போட்டி, எகிப்துக்கு எதிராக ஷூட் அவுட், அதாவது சமன் ஆன ஆட்டத்தை மாறி மாறிப் பெனால்டி அடித்துத் தீர்ப்பது: தன் அணியின் முதல் பெனால்டியை ட்ரோக்பா அடித்தார், எகிப்து கோல்கீப்பர் எல் ஹதாரி தடுத்துவிட்டார். 2012 பிப்ரவரி 12, மறுபடி இறுதிப் போட்டி, காபோன் தலைநகர் லிப்ரவிலில், எதிரணி ஜாம்பியா. 1993-ல் ஜாம்பிய தேசிய அணி போன விமானம் இதே லிப்ரவிலுக்குப் பக்கத்தில்தான் கடலில் விழுந்தது. அதனால் உலகமே ஜாம்பியா பக்கம். ஐவரி கோஸ்ட் அந்தத் தொடர் முழுக்க ஒரு கோல்கூட வாங்கவில்லை. 70-வது நிமிஷம் ட்ரோக்பாவுக்குப் பெனால்டி. பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. ஷூட் அவுட்டில் தன் முறைக்குச் சரியாக அடித்தார், ஆனால் கோலோ துரேயும் ஜெர்வின்யோவும் விட்டார்கள். 8-7 என்று ஜாம்பியா ஜெயித்தது. 2014-ல் அவர் ஓய்வு அறிவித்த ஆறே மாதத்தில் அதே ஐவரி கோஸ்ட் அணி அதே கோப்பையை, அதுவும் ஷூட் அவுட்டிலேயே, ஜெயித்தது. விதியின் குசும்பு என்பது இதுதான் போல.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷாங்காய், கலாதாசராய், மறுபடி ஒரு வருஷம் செல்சி, அப்புறம் மான்ட்ரியல், கடைசியாக பீனிக்ஸ். அங்கே ஆட்டக்காரராகவும் பங்கு முதலாளியாகவும் இருந்து 2018-ல் 40 வயதில் ஓய்வு. 2022-ல் நாட்டின் கால்பந்துக் கூட்டமைப்புத் தலைவர் தேர்தலில் நின்றார். அங்கே ஓட்டு போடுவது ரசிகர்கள் இல்லை, கிளப்புகளும் சங்கங்களும்தான். முதல் சுற்றிலேயே மூன்றாவது இடத்தில் வெளியே வந்தார். போரை நிறுத்தியவர் என்று உலகம் நம்பும் மனிதரால் அந்தச் சிறிய தேர்தலில் ஜெயிக்க முடியவில்லை.

அவர் ஆட்டத்தை எதிலிருந்து பார்க்க ஆரம்பிப்பது என்றால், 2012 மே 19 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. நம் ஊரில் இரவு பன்னிரண்டே காலுக்கு ஆரம்பித்து மூணு மணி வரை போனது. சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தேன். மியூனிக்கில், பேயர்ன் மியூனிக்கின் சொந்த மைதானத்தில் ஆட்டம். 83-வது நிமிஷம் பேயர்ன் கோல். அவர்களுக்கு அன்று 20 கார்னர்; செல்சிக்கு ஒன்றே ஒன்று, 88-வது நிமிஷத்தில். சக வீரர் மாட்டா அடித்த பந்தை ட்ரோக்பா முன்கம்பத்துப் பக்கம் ஓடிவந்து தலையால் முட்டினார், பேயர்ன் கோல்கீப்பர் நொய்யர் கையில் பட்டும் உள்ளே போனது. கூடுதல் நேரத்தில் பேயர்ன் வீரர் ரிபெரியைத் தடுக்கிவிட்டுப் பெனால்டி கொடுத்தவரும் இவரே. ராபென் அடித்ததைச் செல்சி கோல்கீப்பர் செக் பிடித்துக் காப்பாற்றினார். பிறகு ஷூட் அவுட், ஐந்தாவது அடி ட்ரோக்பாவுக்கு. 2008-ல் மாஸ்கோவில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியிலும் ஐந்தாவது அடி அவருடையதாகத்தான் இருந்திருக்கும். ஆனால் எதிரணி வீரர் விடிச்சைக் கன்னத்தில் தட்டி சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனதால், அதை அடிக்கப் போய் செல்சி கேப்டன் ஜான் டெர்ரி வழுக்கி விழுந்தார்.

முதலில் லிப்ரவில் பெனால்டியைத் தேடிப் பாருங்கள், உடனே மியூனிக்கைப் போடுங்கள். இரண்டுக்கும் நடுவே மூன்று மாதம்தான். மியூனிக்கில் அவர் பின்னால் நகர்ந்து நீளமாக ஓடிவரவே இல்லை. பந்தை வைத்தார், இரண்டே எட்டு, தாழ்வாக ஒரு தட்டு. நொய்யர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டார்.